எட்டு மீட்டர் குறைவு

கொள்முதல் நிலையத்தின் சிமெண்டுக் களம்
அறுபத்திரண்டு மீட்டர்தான்.
ஒலிம்பிக் தூரம் எழுபது.
மிச்சம் எட்டுக்கு
வாய்க்காலுக்கு அக்கரையில் நிற்க வேண்டும்,
பூவரசுக்கும் மோட்டார் கொட்டகைக்கும் நடுவில்.
முறைத் தண்ணீர் வந்த நாட்களில்
காற்று அங்கே வேறு மாதிரி.
இடப்பக்கம் ஒரு விரல் தள்ளிக் குறிவைக்கணும்.
எந்தப் பயிற்சிக் கையேட்டிலும்
அந்த ஒரு விரல் இல்லை.

வாத்து வந்தால் விசில்.
நானூறு வாத்து கடக்க ஏழு நிமிடம்.
அதுவரை வில் தரையைப் பார்க்கும்.

என் பெயர் தையல்நாயகி.
வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் தெருவுக்கு மூன்று பேர்.
ராஞ்சியில் ஒலிபெருக்கி
தயாள் நாயக் என்றது.
பெண்கள் வரிசையில் ஓர் ஆணைத் தேடினார்கள்.
நான் கையைத் தூக்கினேன்.
அன்று எழுபத்திரண்டு அம்பில்
அறுநூற்று நாற்பத்தொன்று.
ரயில்வே வேலை வந்தது,
மாயவரம் ஜங்ஷன், இரண்டாம் கவுண்டர்.

பிறகு புனே.
கடைசிச் சுற்று, கடைசி அம்பு.
கிளிக்கர் டிக் என்றது.
விரல்களுக்குக் கேட்டது.
திறக்கவில்லை.
நாண் மோவாயில் பதிந்திருக்க
விளக்கு பச்சை, மஞ்சள், சிவப்பு.
எல்லோருடைய அம்பும் போய்ச் சேர்ந்துவிட்டது.
என்னுடையது என்னிடமே இருந்தது.

அதற்குப் பெயர் உண்டாம்.
பிசியோ ஒன்று சொன்னார், மனநல மருத்துவர் ஒன்று.
அம்மா கண்ணேறு என்று
கோயிலில் உப்பும் மிளகும் கொட்டினாள்.
மூன்றில் மிளகுக்குத்தான் செலவு குறைவு.
கவுண்டரில் சில்லறை கொடுக்க
விரல் நன்றாகவே திறக்கிறது.

கோச் ஆனது இப்படி:
மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில்
ஆறு வில், பெட்டி பிரிக்காமல்.
"யாராவது கையெழுத்துப் போடணும் மேடம்."
போட்டேன்.

முதலில் வந்தவர் சவரிமுத்து.
நாற்பத்தாறு வயது,
என்னைவிடப் பதினைந்து கூட.
இதே களத்தில் மூட்டை தூக்கியவர்,
டிரெய்லர் பின்னால் வந்த அந்த நாள் வரை.
சக்கர நாற்காலியில் இருந்தபடி
வில்லை வாங்கி ஒருதரம் தூக்கிப் பார்த்து
"ரெண்டு கிலோ எண்ணூறு" என்றார்.
நெல் தராசில் வைத்தோம். இம்மி பிசகவில்லை.

தோளைப் பற்றி அவருக்குச் சொல்ல
என்னிடம் ஏதுமில்லை. மூச்சைத்தான் சொன்னேன்.
அம்பு எண்ணும்போது அவருக்கு
நெல் அளக்கிற கணக்கு:
லாபம், ரெண்டு, மூணு.
ஒன்று என்று ஒருநாளும் சொன்னதில்லை.
ஜெய்ப்பூரில் நடுவரே திரும்பிப் பார்த்தார்.
பதினோராம் இடம்.

வரும்போது ரயிலில் கேட்டார்,
"நீங்க ஏம்மா எய்யறதில்ல?"
நாக்பூர் வரை நான் பேசவில்லை.
நாக்பூரில் சொன்னேன்.
விஜயவாடா வரை அவர் பேசவில்லை.
"மூட்டையிலயும் அப்படி ஒண்ணு உண்டு.
முதுகுல ஏறிட்டா எறக்க வராது, கை பூட்டிக்கும்.
எண்றவன் சத்தமா எண்ணுனா
தானா எறங்கும்."
அப்படியே தூங்கிப்போனார்.

தை. சம்பா அறுப்பு.
களமெல்லாம் நெல், எங்களுக்கு இடமில்லை.
ஈரப்பதம் பதினேழுக்கு மேல் என்று
ஒரு குவியலை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
அது கிடந்த இடம்
ஓர் இலக்குப் பலகைக்குப் போதும்.

அக்கரையில் நான்.
இக்கரையில் தார்ப்பாய் ஓரம்
தொலைநோக்கியோடு அவர்.
இழுத்தேன்.
டிக்.
பிறகு என்ன நடந்ததென்று
என்னைக் கேட்காதீர்கள்.
கையில் அம்பு இல்லை.

நீலம். ஐந்து.
சேர்ந்து ஒரு மாதமான பிள்ளைகூட
வெளியில் சொல்லாத எண்.
வாய்க்காலைத் தாண்டி வந்தது குரல்,
மூட்டையடியில் தூங்கிய வாட்ச்மேன்
துள்ளி எழுந்துகொள்ளும்படி:
"லாபம்!"

அடுத்ததைக் கோத்தேன்.
வரப்பு வளைவில் வாத்துகள்.
விசில் என் கழுத்தில்தான் தொங்கியது.
ஊதினேன்.