புள்ளிக் கணக்கு

செக்காலை ரோட்டில் எல்லா ஷட்டரும் இறங்கிவிட்டன.
இரவு பதினொன்று நாற்பது.
கோட்டையூர்க் கல்யாணம் ஆறு மணி நேரக் காட்சியாக
ஹார்ட் டிஸ்க்கில் படுத்திருக்கிறது.
திரையில் ஒரே ஒரு சிறு கோடு
இடது மூலையில் நின்று கண் சிமிட்டுகிறது.
அவ்வளவுதான் வெளிச்சம்.

பழைய கார்டு செவ்வாய்க்கிழமை கருகிப்போனது.
காதர்மீரான் மதுரையிலிருந்து இன்னொன்று வாங்கி வந்தார்,
ஏற்கெனவே யாரோ உழைத்துத் தள்ளியது, இரண்டு விசிறி.
"பாதி விலை ஜோதி, அட்டைப்பெட்டிகூட இருக்கு."
பெட்டி இருந்தது.
விண்டோஸுக்குக் காசு அழமாட்டேன் என்று
மூன்று வருஷம் முன்பு உபுண்டு போடச் சொன்னவரும்
அவர்தான்.

முதலில் நூவோவைத் தடைப்பட்டியலில் எழுதினேன்.
பாவம், அது எதையாவது காட்டிக்கொண்டாவது இருந்தது,
கண்ணாடியை மறந்துவிட்டு வந்த கண்டக்டர்
சில்லறையைத் தடவித் தடவி எண்ணுவதுபோல.
அதை இறக்கிவிட்ட பிறகு
வண்டியில் யாருமே இல்லை.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்று.
ஜன்னல் இல்லாத அறை ஒன்று திறந்தது.
கறுப்புத் தரை, வெள்ளை எழுத்து.
அங்கே உட்கார்ந்து நீக்கினேன், நிறுவினேன்,
வேறு எண் போட்ட டிரைவர், மறுபடி நீக்கினேன்.
எல்லாம் சரியாக ஏறிவிட்டது என்கிறது.
கூப்பிட்டால் வரவில்லை.
ஒரு மணிக்குத்தான்
பதிவேட்டில் அந்த ஒற்றை வரியைப் பார்த்தேன்:
சாவி ஏற்கப்படவில்லை.

ஓ.
கையெழுத்தா கேட்கிறாய்?

நேற்று நானே படம் பிடித்தேனே,
இசைகுடிமானம் எழுதும்போது
கேமராவைத் தாளுக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோனேன்.
இரண்டு பக்கமும் கையெழுத்து விழும்வரை
கூடம் முழுக்கத் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தது.
விழுந்த பிறகுதான் யாரோ சிரித்தார்கள்.
இனி தேனம்மையும் சேவுகனும்
அவர்கள் கோயில் கணக்கில் ஒரு புள்ளி.
பக்கத்தில் நின்ற பெண் எனக்கு விளக்கினாள்.
என் கணக்கு வேறு, அக்கா.
என் திரைக்கு இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறு புள்ளி.
இந்த நிமிஷம் ஒன்றுகூட வரி கட்டவில்லை.

சாவி செய்தேன். கடவுச்சொல் கொடுத்தேன்.
மறுதொடக்கத்தில் ஒரு நீலத்திரை வரும்,
பத்து விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டு என்றது.
வரவில்லை.
இன்னொரு முறை. வரவில்லை.
மூன்றாம் முறை நீலம் எங்கோ வந்து
என்னைக் காணாமல் போய்விட்டது என்று பட்டது.
எங்கோ என்றால் எங்கே?

மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனேன்.
கைபேசி விளக்கில் தூசி, சிலந்தி, ஒரு கடலைமிட்டாய்க் காகிதம்.
கார்டில் செருகியிருந்த கேபிளைப் பிடுங்கி
மதர்போர்டின் பின்துளையில் செருகினேன்.
தலையை இடித்துக்கொண்டேன்.
எழுந்து பார்த்தால்
நீலம்.
நாலு விநாடி மிச்சம் வைத்து
எனக்காகவே காத்திருந்த நீலம்.

கேபிள் பழைய இடத்துக்குத் திரும்பியது.
விசிறிகள் ஒருமுறை உறுமி அடங்கின.
சாவியைச் சேர்த்த கதையைக் காதர்மீரானிடம் சொன்னால்
"ஒரு கேபிள்தானா?" என்பார். சொல்லப்போவதில்லை.

காட்சியைத் திறந்தேன்.
மங்கல் இல்லை, ஒவ்வொரு ஜரிகை இழையும் தனித்தனி.
பெண்ணின் அப்பா பேனாவை உதறுகிறார், எழுதவில்லை,
இன்னொரு தரம் உதறுகிறார்.
வெள்ளை வேட்டியில்
கடுகளவு மை.
அவர் கவனிக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் கவனிக்கவில்லை.
லென்ஸுக்குப் பின்னால் நின்ற நானும் கவனிக்கவில்லை.
ஓரத்தில், மாலைக்குள் முகம் தாழ்த்தி,
தேனம்மை மட்டும் அதைப் பார்த்து
உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

ஒரு சொடுக்கில் அழிக்கலாம்.
கை எலி மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

நாலேகாலுக்கு சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளையின் அண்ணன்:
"லிங்க் ரெடியா?"
மூன்று சதவீதம் என்றேன்.
தேநீர்க்கடை இன்னும் திறக்கவில்லை.