நிர்வாகி

வலது மூலையில் எட்டிப் பார்த்து
தினமும் கேட்கும்,
புதுப்பிக்கட்டுமா?
பிறகு நினைவூட்டு என்பேன்.
மறுநாள் தவறாமல் நினைவூட்டும்.
இந்த வீட்டில்
சொன்ன சொல்லைக் காப்பாற்றியது
அது ஒன்றுதான்.

நேற்று ஜிஎஸ்டி தளம் திறக்க மறுத்தது.
உங்கள் உலாவி மிகப் பழையது என்றது,
பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி
காபியைக் குடித்துவிட்டு
முகத்துக்கு நேராக.
கொன்னூர் ஹை ரோட்டில் பெயின்ட் கடை, டயர் கடை,
இரண்டு மெடிக்கல் ஷாப்,
எல்லோர் கணக்கும் என் மேஜையில்.
நாளை மறுநாள் இருபதாம் தேதி.

சரி என்று அழுத்தினேன்.
திரை மங்கி
நடுவில் சின்னதாக ஒரு கட்டம்:
நிர்வாகியின் கடவுச்சொல்லை உள்ளிடவும்.
நிர்வாகி, செல்வின்.

அவன் போய் இரண்டு வருடம்.
கேஸ் இணைப்பை என் பெயருக்கு மாற்றியாயிற்று.
ரேஷன் கார்டில் ஒரு பெயரை நீக்க
மூன்று முறை வரிசையில் நின்றேன்,
மூன்றாம் முறை சர்வர் வேலை செய்தது.
வாடகை ஒப்பந்தம்,
ஆல்ட்ரினின் பள்ளி டைரியில் முதல் போன் நம்பர்,
எல்லாம்.
இந்தப் பெட்டிக்குள் மட்டும்
இன்னும் அவன் குடும்பத் தலைவனாக
கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.
ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம்
இதன் முன்னால் முதுகு ஒடியும் நான்
இதற்குச் சாதாரணப் பயனர்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் அசெம்பிள் செய்து கொடுத்த
நவ்ஷாத்துக்குப் போன் போட்டேன்.
"ஃபார்மட் அடிச்சுடலாம் மேடம்,
சுத்தமாயிடும்.
உள்ள இருக்கிறது மொத்தமும் போயிடும்,
பரவால்லையா?"
பரவாயில்லை
வாய் வரைக்கும் வந்துவிட்டது.
அவர் கேட்டது கம்ப்யூட்டரைப் பற்றி
என்று ஞாபகம் வந்து
நிறுத்திக்கொண்டேன்.

பிறகு, வேறு வழியில்லாமல், அவனுக்கு.
ஏதோ பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்.
"பையன் எப்படி இருக்கான்?"
"பாஸ்வேர்டு சொல்லு."
கொஞ்ச நேரம் பஸ்கள் மட்டும் பேசின.
"ஸ்கூட்டி நம்பர்னு நெனைக்கிறேன்.
நம்பர்தான் மறந்துபோச்சு."

எனக்கு எப்படி மறக்கும்?
ஓட்டேரி நல்லா பொங்கித் தெருவுக்குள் வந்த வருடம்
இன்ஜினில் சேறு புகுந்த வண்டிக்காக
இன்சூரன்ஸ் ஆபீஸில்
நாற்பது தடவை ஒப்பித்த எண் அது.
அப்போது அவனுக்கு நைட் டியூட்டி, பகல் தூக்கம்.
என் வண்டி.
என் சம்பளத்தில் தவணை கட்டிய வண்டி.
அதையே பூட்டாகச் செய்து
எனக்கு மாட்டியிருக்கிறான்,
எதையும் யோசித்துச் செய்கிறவனும் இல்லை.

டைப் செய்தேன். திறந்தது.

இருபத்தேழு சதவீதத்தில் நின்றது.
தயவுசெய்து கணினியை அணைக்க வேண்டாம்.
கீழே மெட்ரோ வாட்டர் லாரி ஹாரன்.
குடங்களோடு ஓடினேன்,
இரண்டு மாடி, ஆறு நடை.
நாலாவது நடையில் கரண்ட் போய்
யூபிஎஸ் கத்தும் சத்தம்
படிக்கட்டில் இறங்கி வந்தது.
குடத்தைப் பாதியிலேயே வைத்துவிட்டு
மேலே ஏறி
அதன் தலைமாட்டில் நின்றேன்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு நிற்பதுபோல.
நாற்பத்தொன்று. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
ஏழாவது நிமிடம் ஃபேன் சுற்றியது.

விடியற்காலை இரண்டு மணிக்கு
வணக்கம் என்றது புதுத் திரை.
அமைப்புகளுக்குள் போய்
என் பெயரை மேலே ஏற்றினேன்.
செல்வினின் கணக்கை நீக்கவா?
அவருடைய கோப்புகளும் அழிந்துவிடும்.

அழிக்கவில்லை.
ஆல்ட்ரின் பிறந்த வாரத்துப் படங்கள்
அவன் பக்கத்தில்தான் இருக்கின்றன.

சாதாரணப் பயனர் என்று மாற்றினேன்.
என்றைக்காவது வந்தால்
சீட்டு விளையாடட்டும்.
எதையும் நிறுவ வேண்டுமானால்
என்னைக் கேட்க வேண்டும்.