புகைக்கு ஐஸ்

ஆரம்பாக்கம் ஐஸ் கம்பெனியில்
நாலரை மணிக்கே வரிசை.
எனக்கு முன்னால் போலம்மா, இரண்டு கூடை நண்டுடன்.
"நீ எதுக்குய்யா ஐஸ் வாங்குற?"
"புகைக்கு."
"ஏன், கெட்டுப்போயிருமா?"
அவள் சிரித்த சிரிப்பில்
ஒரு நண்டு கயிறு நழுவி ஓடியது.

சொல்லியிருக்கலாம்:
புகைபோக்கியின் நூறாவது மீட்டரில் ஒரு துளை.
துளையில் குழாய்.
குழாய் முடியும் இடத்தில், ஐஸில் புதைத்த குடுவைகளில்
கத்திரிப்பூ நிறத்தில் பெர்மாங்கனேட்.
பாதரசம் வந்தால் அதில் அகப்படும்.
அகப்படாவிட்டால் நல்லது,
அல்லது குழாயில் எங்கோ ஓட்டை.

லிஃப்ட் பழுது என்றார்கள். ஏறினோம்.
மேலிருந்து பார்த்தால் இரண்டு மாநிலமும்
ஒரே சேற்று நிறம்.
எல்லை எங்கே என்றேன். உதவியாள் ராஜமன்னார்
புகை சாய்கிற பக்கம் கைகாட்டி
"இப்போதைக்கு அங்கே" என்றான்.

நாங்கள் வருவது அவர்களுக்குப் பத்து நாள் முன்பே தெரியும்.
மூன்றாவது யூனிட் இன்று அரை வயிறு.
கழுவிய கரி. சிப்பந்தி ஒருவர் இளநீர் கொண்டுவந்தார்.
குடித்தேன்.

ஒரு கனமீட்டருக்கு
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று மில்லிகிராம்:
இதுதான் வரம்பு.
இந்த எண்ணை நான் பழிக்க மாட்டேன்.
இது வருவதற்கு முன் அந்தத் துளையே கிடையாது;
கேட்க ஆளில்லாததால்
புகைக்கு எடையும் இல்லை.
ஆனால் என் அப்பா வரப்பையும் வரம்பு என்றுதான் சொல்வார்.
நண்டு வளை தோண்டினால்
ராத்திரியோடு ராத்திரியாக
நீர் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

படிவத்தில் வெப்பத்துக்குக் கட்டம் உண்டு,
ஈரத்துக்கு, வேகத்துக்கு, என் கையெழுத்துக்கு.
கூடைக்குள் இருந்ததற்கு இல்லை.
போலம்மாவின் மருமகளுக்கு ஏழாம் மாதம்;
விற்காத நண்டு அவளுக்குத்தான்
என்று வரிசையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது எளாவூர் செக்போஸ்டில்
பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது.
"என்ன மீனு?"
"மீன் இல்ல சார்."
திறந்தார். ஊதாவைப் பார்த்தார்.
குனிந்து முகரப் போனவரைத் தடுத்தேன்.
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கேட்டார்:
"எந்தப் பக்கத்துச் சரக்கு?"

கரி ஒடிசா. நெருப்பு ஆந்திரா. ஐஸ் ஆரம்பாக்கம்.
புகை

பின்னால் லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.
அவராகவே ஏதோ எழுதிக்கொண்டு
போ என்றார்.