நாற்பத்தொரு முத்துமாலைகள்

முக்கூடல் பீடிக் கம்பெனிக்கு
பி.எப். கணக்கு வைக்கும் மென்பொருள் நான் எழுதியது.
பழைய ஆக்சஸ். ஒரு படிவம்.
வலது மூலையில் ‘படம் சேர்’ என்றொரு பொத்தான்.
அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும்,
கோப்புகளைக் காட்டும், தொட்டதைச் சொல்லும்.
அவ்வளவுதானே என்று
பாளையங்கோட்டையில் உட்கார்ந்து நினைத்திருந்தேன்.

முதல் வாரம் போன்:
“சார், மிசின் நின்னுட்டு.”
ஒன்றரை மணி நேரம் எப்சிபா
அசையாத திரைக்கு முன்னால் கைகட்டி இருந்திருக்கிறாள்.
பெட்டி திறந்துதான் இருந்தது,
படிவத்துக்குப் பின்னால்.
யார் திறந்த பெட்டி என்று
திறக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்;
தாய்ச் சன்னலின் எண்ணுக்குப் பூச்சியம் போட்டிருந்தேன்,
விண்ணப்பத்தில் தாயார் பெயருக்கு நேரே
கோடு இழுத்ததுபோல.

இரண்டாம் வாரம்
பாதையெல்லாம் கேள்விக்குறி.
எப்சிபா தமிழில் பெயர் வைத்திருந்தாள்.
நான் அழைத்த கட்டளை தமிழ் தெரியாத காலத்தது;
எழுத்துக்கொரு கேள்வி,
கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனியே.
முத்துமாலை என்றால் பத்துக் கேள்வி.
கட்டளையின் கடைசி எழுத்தை மாற்றினேன்.
பெயர்கள் திரும்பி வந்தன.

மூன்றாம் வாரம் ரத்து.
படம் மாற்ற வந்து, மனம் மாறி
ரத்து அழுத்தச் சொன்னவர்கள் ஏழு பேர்.
வெறுங்கையோடு வந்த பெட்டியிடம்
என் நிரல் ஒன்றும் விசாரிக்கவில்லை.
வெறுமையை வாங்கி
இருந்த பாதையின் மேல் எழுதிவிட்டது.
வேண்டாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவே
ஒரு வரி எழுத வேண்டியிருந்தது.
அதை எழுத நேரில் போனேன்,
முக்கூடல் பஸ்ஸில் நின்றுகொண்டே.

இலை வாங்கும் நேரம். தூள் நெடி.
வரிசையில் ஒருத்தி, கூட
ஒன்பதாம் வகுப்புச் சீருடையில் மகள்.
“பேரு?”
“முத்துமாலை.”
ஊர் அம்மன் பெயர். பதிவேட்டில் நாற்பத்தொரு பேர்.
எப்சிபா பொத்தானை அழுத்தினாள்.
பெட்டி முன்னால் திறந்தது, நல்ல தமிழில்.
எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மகள் கவுண்டருக்கு மேல் எக்கி
சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தாள்:
முத்துமாலை அம்மன் கோவில் தெரு.
முத்துமாலை கருத்தவ.
முத்துமாலை செக்கடி.
முத்துமாலை புருசன் ஓடிப்போ

அதற்குக் கீழே ரெட்டைப்பிள்ளைக்காரி,
ரேசன்கடைச் சந்து, வடக்கூர், இன்னும் பலர்.
அவள் வாசிக்கவில்லை.

தேடி எடுக்க வைத்த பெயர்.
வரிசையில் நிற்பவர்கள் பார்க்க
அதை விரித்துக் காட்டும் பெட்டி என்னுடையது.
மின்விசிறி மட்டும் சுற்றியது.

எப்சிபா ரத்தைத் தொடவில்லை.
எப்2 அழுத்தினாள்.
பெயர் நீலமாகி நின்றது.
“என்னன்னு போட, யக்கா?”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.
“ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துதேம்லா.
அதைப் போடு.”

சாயங்காலம் பதிவேட்டைத் திறந்தால்
அவள் முகம் இருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம்.
அட்டவணைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை;
பழைய பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தது,
கோப்பு இல்லை, கோப்பு இல்லை என்று.

உறுப்பினர் எண்ணையே கோப்புக்கு வைத்தால்
இந்தத் தொல்லை இல்லை.
அடுத்த வாரம் செய்ய வேண்டும்.
இப்போதைக்கு அந்த ஒரு பாதையைக்
கையாலேயே திருத்தினேன்.

சரிபார்க்கப் பெட்டியைத் திறந்தேன்.
அகர வரிசையில்
அம்மன் கோவில் தெருவுக்கு அடுத்து,
கருத்தவளுக்கு முன்னால்,
முத்துமாலை ஆயிரம் சுத்துதவ.

ரத்து அழுத்தினேன்.
ஒன்றும் அழியவில்லை.
கடைசி பஸ் எட்டே காலுக்கு.