அடுத்த ஸ்லைடு

நாகர்கோவிலில் வங்கியின் இரண்டாம் மாடி.
ஏசி குளிரில் ஆறு பேர், மிக்சர், தேநீர்.
மடிக்கணினிப் பக்கம் நான்.
ரெக்ஸ்லின் தலையசைத்தால் பொத்தானை அமுக்க வேண்டும்,
அதுதான் என் வேலை.
மொத்தம் இருபத்திரண்டு ஸ்லைடு.

முதலாவதில் சங்கத்தின் பெயர், தேங்காப்பட்டணம்,
உறுப்பினர் எண்ணிக்கை.
மேலாளர் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.
அவள் தலையசைக்கவில்லை.
"ராத்திரி ரெண்டே முக்கால்" என்றாள்.
"நீல நிறத்துல ஒரு காலி டீசல் கேன்.
அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆள்."
பிறகு வெள்ளம் குடித்தாள், பைய.
போன் கவிழ்ந்து மேசையில் படுத்தது.

காலையில் கருங்கல் தாண்டும்போது பஸ்ஸில் கேட்டிருந்தாள்:
கையில என்ன இருந்தது?
கேன்.
என்ன நிறம்?
நீலம்.
போதும் என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
பதினொரு மணிநேரத்தில் அவளுக்குப் போதுமானது
ஒரு நிறம்.

இப்போது பார்க்கிறேன், அவள் கடலைச் சுருக்குவதை.
வாந்தி இல்லை. நாக்கு வீங்கியது இல்லை.
வெயிலைத் தவிர ஒன்றுமே நடக்காத
அந்த நாலு மணிநேரம்
"விடிஞ்சுது" என்ற ஒரு சொல்லுக்குள் போயிற்று.
நட்சத்திரம் எண்ணினான் என்றாள்.
அன்று வானமெல்லாம் மழைக்காறு.
ஆனாலும் ஆறு பேரும் அண்ணாந்து
வெள்ளைக் கூரையைப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.

கிளீட்டஸ் பெயரைச் சொல்லட்டுமா என்றும்
திங்கள்நகரில் கேட்டிருந்தாள்.
வேண்டாம் என்றேன்.
வாக்கு மாறவில்லை:
கேனில் ஒரே ஒரு ஆளின் கை.

படகுச் சத்தம் கேட்ட இடத்தில்
கதையைச் சட்டென்று அறுத்துவிட்டு,
நாற்பது வள்ளத்துக்கு நாற்பது கருவி,
கடலில் எங்கே கிடக்கிறோம் என்று கரைக்குச் சொல்லும் கருவி என்றாள்.
தொகையும் சொன்னாள்.
"அது இருக்கட்டும், அந்த ஆள் என்ன ஆனார்?"
என்றார் மேலாளர்.

அவள் எனக்குத் தலையசைத்தாள்.
விரல் பொத்தான் மேலேயே இருந்தது.
ஸ்லைடு மாறவில்லை.
ஒரு பெண் அதிகாரி என்னைப் பார்த்தார்,
பிறகு என் கைகளை.
"அந்தக் கேன் இப்பவும் இருக்கா?"
"இருக்கு மேடம். ரெண்டா அறுத்து
ஒண்ணுல கோழிக்கு வெள்ளம் வைக்கோம்."
எல்லோரும் சிரித்தார்கள், ரெக்ஸ்லினும்.
மேலாளர் பேனாவைத் திறந்தார்.

நாலு மணி பஸ்ஸில் நல்ல கூட்டம்.
கருங்கல் வந்த பிறகுதான் கேட்டாள்:
மற்றப் பாதி?
கிளீட்டஸ் வீட்டில. அவன் பெண்டாட்டி
கறிவேப்பிலை நட்டிருக்கா.
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
போதும் என்று சொல்லவில்லை.