இருவருக்கும் சேர்த்து

மூன்று பத்துக்குக் கை அலறுகிறது.
ஐம்பத்து நாலு. அம்பு கீழ்நோக்கி.
நேற்றிரவு நூற்று எழுபதுக்குப் பயந்து
கூடப் போட்ட இரண்டு அலகின் வேலை.
கேதாரன் எழும்ப முன்னம்
கட்டிலடியில் வைத்த ஆப்பிள் சாற்றைக்
குழலால் உறிஞ்சுகிறேன்,
பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போகிற பிள்ளை மாதிரி.

வெளியே வூப்பர் ஆற்றுக்கு மேல்
தொங்கு ரயிலின் தண்டவாளம் மழையில் வெறுமையாய்.
முதல் ரயில் வர நேரம் கிடக்கு.
என் எண் ஏறவும்.

"இனி ரெண்டு பேருக்கும் சேத்துச் சாப்பிடு"
என்கிறார்கள், பார்க்கிற எல்லாரும்.
நான் இரண்டு பேருக்கும் சேர்த்து எண்ணுகிறேன்.
இடியப்பம் ஒன்றுக்கு எத்தனை கிராம் மாச்சத்து,
சொதியில் விழுந்த கிழங்குக்கு எத்தனை.
தராசில் நான் சோறு வைக்கிறதைப் பார்த்து
மாமி கேட்டா: "என்ன பிள்ளை, பவுனோ நிறுக்கிறாய்?"

ஒன்பதாம் வாரம் இரவுதோறும் விழுந்தேன்.
முப்பதாம் வாரம்
முந்திப் போட்டதைப்போல் மூன்று மடங்கு போட்டும்
காலைப் பாணுக்குப் பிறகு எதுவும் இறங்கவில்லை.
கணக்குச் சரி. விடைதான் பிழை.
பகல் முழுக்க மற்றவர்களின் வரியைக் கூட்டிக் கழிக்கிறவள்
அன்று அலுவலகக் குளியலறையில் அழுதேன்.

டொக்டர் ஹில்டப்ராண்ட் தாளில் ஒரு கோடு கீறினா.
இந்தப் பக்கம் நீங்கள். அந்தப் பக்கம் பிள்ளை.
சீனி கோட்டைக் கடக்கும்.
நீங்கள் ஊசியில் போடுவது கடக்காது.
"அப்ப பிள்ளைக்கு?"
"பிள்ளை தனக்குத் தானே செய்துகொள்ளும்,"
என்று சொல்லிவிட்டு
அடுத்த தவணைக்குத் திகதி பார்த்தா.

பார்மனுக்கு வரும் வழியெல்லாம்
ஆறு காலுக்குக் கீழே ஓடியது.
இருபத்து மூன்று வருடமாய்
என் உடம்பு செய்ய மறுத்த வேலையை
எனக்குள் இருந்துகொண்டே நீ செய்கிறாய்.
யாரிடம் பழகினாய்?
நிச்சயமாய் என்னிடம் இல்லை.

என் நூற்று எழுபது உனக்கு ஓவர்டைம்.
தெரிந்த பிறகு
ஒரு பேரீச்சம்பழத்தையும் சும்மா தின்ன முடியவில்லை.
தின்றேன், ஒருநாள். இரண்டு.
மன்னித்துக்கொள். ருசியாக இருந்தது.

மூன்று நாற்பது.
எழுபத்தெட்டு. அம்பு நேராய்.
"எத்தினை?" என்கிறான் கேதாரன், கண் திறக்காமல்.
"படு."
விலாவுக்குக் கீழே ஒரு உதை.
சாறு வந்து சேர்ந்ததாக்கும்.