இருபத்தைந்தாம் தேதி, மேகம் இல்லாவிட்டால்

"ஒரு நிமிஷம்" என்று நான் சொன்னால்
ஸ்வாலா அறுபது எண்ணுவாள்.
அறுபத்தொன்றில் கத்தல் தொடங்கும்.

"கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவேன்" என்று
மீன் ஆலைக்குக் கிளம்பினேன் ஒரு காலை.
மூடினாள், திறந்தாள்.
மூடினாள், திறந்தாள்.
பதினோரு மணிக்கு இங்கா போன் செய்தாள்:
இன்னும் கதவருகிலேயே நிற்கிறாள்,
ஷூவைக் கழற்ற விடமாட்டேன் என்கிறாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்
பேச்சை எண்ணித்தான் செலவழிக்கிறோம்.
உயிர் போகிற பசி யாருக்கும் வருவதில்லை.
தலை வெடிக்கிறது என்று வாய்தவறிச் சொன்ன என் தம்பி ஸ்தூர்லா
சாப்பாடு ஆறும்வரை
குனிந்து மண்டையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

ரேக்யவிக் டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னார்,
இரண்டு துண்டுப் பிரசுரங்கள் கொடுத்தார்.
எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குள்
மறைந்துபோவது என்றும் ஓர் ஒலி கிடக்கிறது.
எனக்கு அது மட்டும்தான் கேட்டது.
திரும்பும் விமானத்தில் நாற்பது நிமிஷமும்
என் சட்டையின் மூன்றாவது பொத்தானைத்
திருகிக்கொண்டே வந்தாள்.
இறங்கும்போது அது அவள் கையில் இருந்தது.

எல்லாம் பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
நீச்சல்குளத்தில் ஒருநாள் அவளை இங்காவிடம் விட்டுவிட்டு
காரில் போய் உட்கார்ந்தேன், எஞ்சினை ஓடவிட்டு,
இருபது நிமிஷம்.
இங்கா இன்றுவரை அதைப்பற்றிக் கேட்கவில்லை.

நவம்பர் கடைசியில் எங்கள் ஊரைவிட்டு வெயில் போய்விடும்.
மலை உயரம், சூரியன் தாழ்வு, அவ்வளவுதான்.
ஜனவரி இருபத்தைந்தில் சூரியத் தெருவில்
முதல் வெயில் விழும்.
வீட்டுக்கு வீடு காப்பி, மெல்லிசாய் பான்கேக்.
நான்தான் சொன்னேன், நானேதான்:
"இருபத்தைந்தாம் தேதி சூரியன் வரும்."
காலண்டரில் மஞ்சள் வட்டம் போட்டாள்.
அழுத்திப் போட்டதில்
பிப்ரவரியிலும் அந்த வட்டம் பதிந்திருந்தது.

அன்றைக்குப் பார்த்து மேகம்.
எதிர்வீட்டு போர்கில்தூர் ஜன்னலைத் திறந்து
"மேகத்துக்குப் பின்னால் இருக்கிறது கண்ணே,
வந்த மாதிரிதான்" என்றாள்.
ஸ்வாலாவிடம் 'மாதிரி' செல்லாது.
நடுத்தெருவில், பனியில் விழுந்தாள்.
அவள் குரல் மலையில் முட்டித் திரும்பி வந்தது.

பனி அள்ளும் வண்டி அந்த நேரம் திரும்பியது.
இரண்டு கையையும் தூக்கி நின்றேன்.
தோர்லாகுர் ஒன்றும் கேட்கவில்லை.
சுழல்விளக்கை அணைத்தான். எஞ்சினை அணைத்தான்.
இருக்கையில் சாய்ந்து
முப்பத்தைந்து நிமிஷம்
தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பின்னால் வந்த இரண்டு கார்களும் காத்திருந்தன.
ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன்:
"நான் சொன்னது தப்பு."
என் முகத்தைப் பார்க்கவில்லை.
பொத்தான் இல்லாத இடத்தைப் பார்த்தாள்.
"தப்பு" என்றாள்.
பேனாவை என் விரலில் திணித்தாள்.
எழுதினேன்: மேகம் இல்லாவிட்டால்.
அதோடு விடவில்லை.
அப்பா ஐந்தரைக்கு வருவார், ஃபோர்க்லிஃப்ட் பழுதாகாவிட்டால்.
செவ்வாய்க்கிழமை நீச்சல், குளத்தைப் பூட்டாவிட்டால்.
அம்மா சிரிப்பாள், இரவு ஷிஃப்ட் இல்லாவிட்டால்.
கடைசி வாக்கியம் அவளாகச் சொன்னது.
இங்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இருபத்தெட்டாம் தேதி, மத்தியானம்,
மேகம் இல்லை.
வெயில் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் விழுந்து
மெதுவாக எங்கள் காலுக்கு வந்தது.
"மூணு நாள் லேட்" என்றாள்.
பிறகு கண்ணை இறுக மூடி
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு
அதில் நின்றாள், அசையாமல்.

வெயில் சத்தம் போடாது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
எனக்கு என்ன தெரியும்.